பால் மாட்டின் இழையங்களில் இயல்புப் பிரியோன் புரதம்: புதிதாகத் தேடத் தொடங்குவோருக்கு

பிரியோன் என்றதும் விசர் மாட்டு நோய்தான் நினைவுக்கு வரும். அதனால், மாட்டின் இழையத்தில் பிரியோன் புரதம் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னால், புதியவர் ஒருவர் நோயைக் கண்டறிவதற்கான செய்முறையொன்றைத் தேடி எடுத்து வரி பிசகாமல் செய்வார். ஒரு வாரம் மினக்கெட்டு வழுக்கியை நுணுக்குக்காட்டியில் வைத்தால் ஒன்றுமே தெரியாது. கையில் பிழையில்லை. இயல்புப் புரதத்தை வேண்டுமென்றே அழித்துவிட்டு நோய்ப் புரதத்தை மட்டும் மிச்சம் வைப்பதற்காகவே அந்தச் செய்முறை எழுதப்பட்டிருக்கிறது. தேட வந்த பொருளை நாமே கரைத்து ஊற்றியதுதான் நடந்தது.

இந்த வழிகாட்டி கொழும்பில் கால்நடை அல்லது உயிரிரசாயன ஆய்வுகூடம் ஒன்றில் இந்த வேலையைத் தொடங்குகிறவருக்கானது. சாதாரண இழையவியல் வசதியும் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் வசதியும் இருந்தால் போதும்.

தேடும் பொருள்

பிரியோன் என்ற பெயரை அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினர் 1982இல் வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில், இந்தப் புரதத்துக்கான பரம்பரையலகு நோயுற்ற விலங்கில் மட்டுமன்றிச் சுகமான எல்லா விலங்கிலும் இருப்பது தெரியவந்தது. மாட்டில் அது 13ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, பெயர் பிஆர்என்பி. அதிலிருந்து 264 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம் உருவாகும். எட்டு அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் பகுதி பெரும்பாலான மாடுகளில் ஆறு தடவை வரும். ஐந்து தடவை மட்டும் வரும் மாடுகளும் உண்டு; அவற்றில் நீளம் 256. இரண்டு வடிவமும் கலந்த மாட்டில், புரதத்தை ஜெல்லில் பிரிக்கும்போது தெரியும் பட்டை கொஞ்சம் அகலமாக இருந்தால் பயப்படத் தேவையில்லை.

முதிர்ந்த புரதம் கொழுப்பு நங்கூரம் ஒன்றினால் கலமென்சவ்வின் வெளிப்புறத்தில் கட்டப்பட்டிருக்கும். அதன்மேல் வெல்லச் சங்கிலி ஒட்டக்கூடிய இடங்கள் இரண்டு. இரண்டிலும் ஒட்டியது, ஒன்றில் ஒட்டியது, எதிலும் ஒட்டாதது என்று மூன்று வகை ஒரே இழையத்தில் கலந்திருக்கும். பட்டைகளை வாசிக்கும்போது இந்த மூன்றும் திரும்ப வரும்.

நோய்ப் புரதத்துக்கும் இதற்கும் அமினோ அமில வரிசை ஒன்றே. மடிப்புத்தான் வேறு. புரோட்டினேஸ் கே என்ற நொதியத்தை இட்டால் இயல்புப் புரதம் முழுவதும் செரித்துப்போகும். நோய்ப் புரதத்தில் ஒரு பகுதி தாக்குப்பிடிக்கும். நோய் கண்டறியும் முறைகளிற் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டின்மேல் நிற்கின்றன. நமது வேலைக்கு அந்த நொதியம் முதன்மைப் படியில் வரவே கூடாது. கட்டுப்பாட்டுப் பரிசோதனைக்கு மட்டும் அது வேண்டும்.

இந்தப் புரதம் மாட்டுக்கு எதற்கு? பரம்பரையலகை நீக்கி உருவாக்கிய மாடுகளைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. அவை பார்வைக்குச் சாதாரண மாடுகளாகவே வளர்ந்தன. நோர்வேயில் இந்தப் புரதம் இயற்கையாகவே இல்லாத ஆடுகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட விலங்கின் இழையம் ஒரு துண்டு கிடைத்தால் அதைவிடச் சிறந்த எதிர்க் கட்டுப்பாடு (புரதம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) இல்லை. கொழும்பில் அது கிடைப்பது அரிது என்பதால் மாற்று வழிகளைப் பின்னால் தருகிறோம்.

எங்கே கூட, எங்கே குறைய

மாதிரி எடுக்கப் போகுமுன் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எந்த இழையத்துக்கு எவ்வளவு புரதம் ஏற்ற வேண்டும், எதை நேர்க் கட்டுப்பாடாக (புரதம் நிச்சயம் உள்ள ஒப்பீட்டு மாதிரியாக) வைக்க வேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

மிக அதிகம் மைய நரம்புத் தொகுதியில்: மூளி (சிறுமூளை), மூளைத்தண்டு, முண்ணாண். அடுத்த தட்டில் தைமஸ், குடல், சுற்றயல் நரம்பு, இதயம், மண்ணீரல். அதற்கும் கீழே நுரையீரல், எலும்புத்தசை, சிறுநீரகம், நிணநீர்க்கணு, தோல், சதையி, ஈரல். ஈரல் அடிமட்டம், பல முறைகளுக்கு அங்குள்ள அளவு எட்டவே எட்டாது. அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் மூளியை மேல் எல்லையாகவும் ஈரலைக் கீழ் எல்லையாகவும் வையுங்கள்.

இழையம் முழுவதையும் அரைத்துப் பார்த்தால் கிடைக்கும் எண் ஒன்று. எந்தக் கலத்தில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. நிணநீர்க்கணுவை அரைத்தால் குறைவாகத் தெரியும். வெட்டுமுகத்தில் பார்த்தாலோ நிணநீர்க்குழியங்களும் கணுவின் முளைமையத்தில் வலைபோல் கிளைத்திருக்கும் கலங்களும் நன்றாகச் சாயமேற்கும். குடலில் மேலணிக் கலங்களிலும், தசைப்படைகளுக்கு இடையே ஓடும் நரம்புப் பின்னலிலும் பாருங்கள். தசையில் கிடைப்பது மெல்லிய சாயம்தான். நரம்பு வந்து தொடும் இடத்தில் கொஞ்சம் கூடும். மடியில் பால் சுரக்கும் மேலணிக் கலங்கள் முக்கியம்.

குருதியில் தேட வேண்டியது ஒற்றைக்கரு வெண்குழியங்களில். செங்குழியத்தில் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். மனிதக் குருதியைப் பற்றிய கட்டுரைகளை வாசித்துவிட்டு, குருதிச்சிறுதட்டிலும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். இனத்துக்கு இனம் இது மாறும்.

வயதையும் மறக்கக் கூடாது. தைமஸ் கன்றில் கழுத்து நெடுக இருக்கும். பல ஈற்றுக் கண்ட பசுவில் அது கொழுப்பாகச் சுருங்கியிருக்கும். சுருட்குடலின் கடைசிப் பகுதியில் உள்ள நிணநீர்த் திட்டும் வயதோடு ஒடுங்கும். ஆகவே பத்து வயதுப் பசுவையும் மூன்று மாதக் கன்றையும் ஒரே அட்டவணையில் போட்டுச் சராசரி எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. வயது, இனக்கலப்பு, எத்தனையாம் ஈற்று, கறவையிலா வற்றியதா என்பவற்றை மாதிரிப் புட்டியில் ஒட்டும் துண்டிலேயே எழுதிவிடுங்கள். வற்றிய மடியில் சுரப்புக் கலங்கள் ஒடுங்கிவிடுவதால், கறவை மாட்டு மடியோடு அதை ஒப்பிடுவது மாம்பழத்தைக் கொட்டையோடு ஒப்பிடுவது மாதிரி.

மாதிரி எடுத்தல்

கொழும்புக்குள் மாட்டு இழையத்துக்கு முதலில் கேட்டுப் பார்க்கக்கூடிய இடம் தெமட்டகொடையில் உள்ள மாநகர சபை மடுவம். மாநகர சபையின் கால்நடை மருத்துவரிடம் எழுத்தில் அனுமதி பெறாமல் போக வேண்டாம். போயா நாளில் மடுவம் மூடியிருக்கும். அதற்கு அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் ஆள் இருப்பார்களா என்பதையும் சேர்த்தே நாளைக் குறியுங்கள். இன்னொன்று: மடுவத்துக்கு வருவதெல்லாம் பால் மாடு அல்ல. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் பசுக்களை அறுப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கறவை மாட்டின் மடி வேண்டுமென்றால், பண்ணையில் வேறு காரணத்தால் இறந்த மாட்டின் பிரேத பரிசோதனையோடு சேர்ந்துதான் பெரும்பாலும் கிடைக்கும். ஜேர்சி, பிரீசியன் கலப்புப் பசுக்கள் மலையகத்தில் கூட. நுவரெலியாப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீதியால் வர ஐந்தாறு மணித்தியாலம் ஆகும். அதற்கேற்ற ஆயத்தம் இல்லாமல் புறப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தள்ளாடிய, எச்சில் வடித்த, குரல் மாறிக் கத்திய மாடு என்று பண்ணையாள் சொன்னால் அதன் தலையைத் திறக்க வேண்டாம். நம் நாட்டில் அந்த அறிகுறிகளுக்கு முதலில் நினைக்க வேண்டியது விசர்நாய்க்கடி நோயை; மாட்டுக்கும் அது வரும். பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டு விலகுங்கள். சுகமாக இருந்த மாட்டிலும் புருசெல்லா, எலிக்காய்ச்சல் போன்ற ஆபத்துகள் இருப்பதால் இரட்டைக் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். பிரியோனை எண்ணிப் பயப்படுகிறவர்கள் மடியையும் சிறுநீரகத்தையும் வெறுங்கையால் தொடுவதைப் பார்க்கலாம். இலங்கையில் பயம் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

எடுக்கும் ஒழுங்கு முக்கியம். சதையியும் குடலும் முதலில். அவற்றின் சொந்த நொதியங்களே அவற்றைச் செரிக்கத் தொடங்கிவிடும். கொழும்பு வெக்கையில் அரை மணித்தியாலம் கடந்தால் குடலின் உள்மேலணி கழன்றுவிடும். அடுத்து மடியும் மடிமேல் நிணநீர்க்கணுவும், பின் மண்ணீரல், தைமஸ், இதயம், சிறுநீரகம், ஈரல், தசை, தொடை நரம்பு. தலையும் முண்ணாணும் கடைசி. மூடிய மண்டையோட்டுக்குள் மூளை கொஞ்ச நேரம் தாங்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கத்தி. மூளையில் இந்தப் புரதம் அவ்வளவு நிறைய இருப்பதால், மூளையைத் தொட்ட கத்தி தசையைத் தொட்டாலே தசையில் பொய்யான பட்டை வரும். தலைக்கும் முண்ணாணுக்கும் தனிக் கத்தி, தனிப் பலகை, தனிக் கையுறை.

மூளைத்தண்டை எடுக்க மண்டையோட்டை உடைக்கத் தேவையில்லை. முதல் கழுத்து முள்ளந்தண்டெலும்பிலிருந்து தலையைப் பிரித்தபின், பின்துளை வழியாக நீள்வளைய மையவிழையம் தெரியும். நீண்ட கைப்பிடிக் கரண்டியை எலும்பையொட்டி விட்டு, சுற்றியுள்ள நரம்பு வேர்களை அறுத்து மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். இழுத்தால் அறும். நான்காம் அறை மூடும் இடத்தில் ஆங்கில வீ எழுத்துப் போல ஒரு கோணம் தெரியும். அந்த இடம் உடையாமல் வர வேண்டும். மூளிக்கு மண்டையோட்டைப் பின்புறமாக அரிந்து திறக்கத்தான் வேண்டும்.

மாட்டின் அண்ண உள்நாக்குச் சுரப்பி வெளிப்பரப்பில் தெரியாது. ஒரு குழியின் உள்ளே புதைந்திருக்கும். நாக்கு எங்கே என்று தெரிந்தவருக்கும் இது தப்பிவிடும். குழியின் வாயைக் கண்டுபிடித்துப் பிளந்தால் மடிப்பு மடிப்பாக இருக்கும். சுருட்குடலுக்கு, பெருங்குடலோடு சேரும் இடத்திலிருந்து பின்னோக்கி ஒரு சாண் நீளம் எடுத்து, குளிர்ந்த உப்புக் கரைசலால் சாணத்தைக் கழுவிவிட்டுப் பிரியுங்கள். குழாய்த் தண்ணீரால் கழுவினால் கலங்கள் வீங்கி வெடிக்கும்.

ஒவ்வொரு இழையத்திலும் இரண்டு பங்கு. ஒன்று நிலைநிறுத்த, மற்றது உறையவைக்க. உறையும் பங்கை 100 முதல் 200 மில்லிகிராம் துண்டுகளாக வெட்டித் தனித்தனிக் குழாயில் இடுங்கள். பெரிய கட்டியாக உறையவைத்தால் ஒவ்வொரு தடவையும் உருக்கி உருக்கிப் புரதம் கெடும். திரவ நைதரசன் இருந்தால் நல்லது. செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்கிறவர்களிடம் நைதரசன் கொள்கலம் இருக்கும். மலையகத்தில் மாதிரி எடுக்கப் போகும்போது முன்கூட்டியே பேசி வைத்தால் உதவும். இல்லாவிட்டால் றெஜிபோம் பெட்டியில் நொறுக்கிய ஐஸ். குழாய்கள் உருகிய தண்ணீரில் மிதக்கக் கூடாது. பொலித்தீன் பைக்குள் கட்டி வையுங்கள். ஆய்வுகூடம் சேர்ந்ததும் உறைநிலைக்கு 80 பாகை கீழான குளிரூட்டிக்குள் வையுங்கள்.

நிலைநிறுத்தலும் வெட்டுமுகமும்

தாங்கற் கரைசலில் செய்த 10 சதவீத போமலின் வேண்டும். கடையில் வரும் செறிந்த போமலின் 100 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 900 மில்லிலீற்றர், ஒற்றைச் சோடியப் பொசுபேற்று 4 கிராம், நீரற்ற இரட்டைச் சோடியப் பொசுபேற்று 6.5 கிராம். உப்புகளை விட்டுவிட்டுப் போமலினைத் தண்ணீரில் மட்டும் கலந்தால் நாளடைவில் அமிலமாகும். அமிலப் போமலின் மண்ணீரல் போன்ற குருதி நிறைந்த இழையத்தில் கபிலக் கறுப்புப் படிவை உண்டாக்கும். நமது சாயமும் கபிலம். பிறகு எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

துண்டின் தடிப்பு 5 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. இழையத்தின் கனவளவைப்போல் பத்து மடங்கு போமலின். 24 மணித்தியாலம் போதும், 48ஐத் தாண்டவிடாதீர்கள். நோய் கண்டறிகிறவர்கள் மூளையை நாட்கணக்கில் போமலினில் வைப்பது வழக்கம். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. கூட ஊறினால், தேடும் புரதத்தில் ஒட்டி அதைக் காட்டித்தரும் பிறபொருளெதிரி பிடிக்க வேண்டிய இடம் குறுக்குப் பிணைப்பில் மறைந்துவிடும். நேரம் முடிந்ததும் 70 சதவீத அற்ககோலுக்கு மாற்றுங்கள்.

மெழுகில் பதித்து வெட்டும் வெட்டுமுகம் 4 மைக்ரோமீற்றர். நேரேற்றம் பூசிய வழுக்கி வேண்டும். சூடாக்கும் படியில் சாதாரண வழுக்கியிலிருந்து மடி இழையம் கழன்று மிதக்கும். கொழும்பின் ஈரப்பதனில் மேசையில் உலரவிட்டால் உலராது. 37 பாகை செல்சியஸ் அடுப்பில் ஓரிரவு வையுங்கள்.

பிறகு: மெழுகு நீக்கம், அற்ககோல் படிகள், நீர். 3 சதவீத ஐதரசன் பரவொட்சைட்டில் 15 நிமிடம், இழையத்தின் சொந்தப் பரவொட்சிடேசை அடக்க. பிஎச் 6.0 சித்திரேற்றுக் கரைசலில் 121 பாகையில் 10 நிமிடம் சூடாக்கி, அதே கரைசலிலேயே அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்தால் வெட்டுமுகம் காய்ந்து ஓரமெல்லாம் சாயம் பிடிக்கும். நோய்ச் செய்முறைகளில் வரும் செறிந்த போமிக் அமிலப் படியை முதல் தடவை விட்டுவிடுங்கள். பின்னர் தேவையென்றால் ஒரு வழுக்கியில் இட்டும் மற்றதில் இடாமலும் பாருங்கள். புரோட்டினேஸ் கே படியை அடியோடு நீக்குங்கள்.

பிறபொருளெதிரியைத் தேர்வதில்தான் பணம் வீணாகும். மனிதப் பிரியோன் ஆய்வில் பெயர்பெற்ற 3எஃப்4 மாட்டுப் புரதத்தைப் பிடிக்காது. அது தேடும் வரிசை மாட்டில் வேறாக இருக்கிறது. மாட்டுக்கு 6எச்4, எஸ்ஏஎஃப்84, எஃப்89 போன்றவை சரிவரும். எஸ்ஏஎஃப்32 மாட்டுப் புரதத்தைப் பிடிக்கும், ஆனால் அது ஒட்டுவது முன்முனையிலுள்ள திரும்பத் திரும்ப வரும் பகுதியில். இயல்புப் புரதத்தில் ஒரு பங்கு உயிருள்ள கலத்திலேயே நடுவில் வெட்டுப்பட்டு, முன்முனை கழன்று, பின்துண்டு மட்டும் மென்சவ்வில் நிற்கும். அந்தத் துண்டை எஸ்ஏஎஃப்32 காணாது, 6எச்4 காணும். ஒரே இழையத்தில் இரண்டும் வேறு விடை தந்தால் இதுதான் காரணமாக இருக்கலாம்.

இவை எல்லாம் சுண்டெலிப் பிறபொருளெதிரிகள். இந்த முதலாம் பிறபொருளெதிரியைப் பிடித்துக் காட்டுவதற்காக இடும், சுண்டெலியை நோக்கிய இரண்டாம் பிறபொருளெதிரி மாட்டின் சொந்தப் பிறபொருளெதிரிகளையும் பிடிக்கலாம். மடியிலும் குடலிலும் நிணநீர்க்கணுவிலும் அவை குவிந்திருக்கும். ஆகவே மாட்டுப் புரதத்தோடு முன்கூட்டியே உறிஞ்சவைத்துச் சுத்திகரித்ததைக் கேட்டு வாங்குங்கள். கண்டறியும் முறையாக பயோட்டின் சார்ந்ததை விட்டுப் பல்பகுதியச் சங்கிலி வகையை எடுங்கள். ஈரல், சிறுநீரகம், மடி மூன்றிலும் சொந்த பயோட்டின் இருப்பதால் எல்லாம் கபிலமாகத் தெரியும்.

மூளி வழுக்கியை முதலில் பாருங்கள். வெளிப்புறப் படை முழுவதும் மெல்லிய, சீரான கபிலப் பூச்சாக இருக்க வேண்டும். வெண்சடப்பொருள் வெளிறியிருக்க வேண்டும். இந்தப் புரதம் நரம்பிணைப்புகளில் நிறைய இருப்பதால் சாயம் கலவுடலுக்குள் புள்ளியாக இராமல் இடைவெளி எங்கும் பரவியிருக்கும். அப்படி வராவிட்டால் மற்ற வழுக்கிகளை நோக்கவே வேண்டாம், திரும்பச் செய்யுங்கள்.

வயது போன பசுவின் நரம்புக்கலங்களில் மஞ்சட்கபிலத் துகள்கள் கொத்தாகத் தெரியும். அது லிப்போபசின் என்ற முதுமை நிறமி. முதலாம் பிறபொருளெதிரி இடாத வழுக்கியிலும் அதே துகள்கள் இருந்தால் சந்தேகம் தீரும். தொல்லை கூடினால் சிவப்பு நிறம் தரும் பொருளுக்கு மாறுங்கள். அவற்றுட் சில அற்ககோலில் கரையும் என்பதால் நீர்சார்ந்த பதிப்புப் பசையே பாவிக்க வேண்டும்.

அரைத்துப் பட்டையாகப் பார்த்தல்

கரைசல் 100 மில்லிலீற்றருக்கு: திரிஸ் 0.61 கிராம், சோடியங் குளோரைட்டு 0.88 கிராம், திரைத்தன் எக்ஸ்-100 அரை மில்லிலீற்றர், சோடியம் டீஒட்சிகோலேற்று 0.5 கிராம். பிஎச் ஐ 8.0க்குச் சரிசெய்த பிறகுதான் டீஒட்சிகோலேற்றைச் சேர்க்க வேண்டும்; முதலில் சேர்த்துவிட்டு அமிலம் விட்டால் களிபோல் திரளும். 100 மில்லிகிராம் இழையத்துக்கு 900 மைக்ரோலீற்றர் ஊற்றி ஐஸ்மேல் அரையுங்கள். தோலும் மடியும் நார் நிறைந்தவை. கத்தரியால் பொடியாக நறுக்காமல் அரைத்தால் தண்டு சூடாகும், புரதம் கெடும்.

நொதிய அடக்கிகளை அரைக்கும் கணத்தில் சேருங்கள். மூளியிலிருந்து ஒரு பங்கை மட்டும் அடக்கி இல்லாமல் அரைத்து வையுங்கள். புரோட்டினேஸ் கே கட்டுப்பாடு அதில்தான் செய்ய முடியும். அடக்கி இருக்கும் அரைப்பில் அந்த நொதியமும் அடங்கிப்போய், புரதம் செரியாமல் நிற்கும். அதைப் பார்த்து மாட்டுக்கு நோய் என்று திடுக்கிடுவது புதியவர்களுக்கு நடக்கக்கூடிய ஒன்று.

அடுத்த கண்ணி மையநீக்கி. கொழுப்பு நங்கூரம் உள்ள இந்தப் புரதம் மென்சவ்வின் கொழுப்புத் திட்டுகளில் இருக்கும். அந்தத் திட்டுகள் குளிர்ந்த திரைத்தனில் கரையாது. அதிக வேகத்தில் நெடுநேரம் சுழற்றினால் தேடும் புரதம் அடிமண்டியோடு போய்விடும். புவியீர்ப்பின் 1000 மடங்கில் 5 நிமிடம் போதும். மேலே நிற்பது கொஞ்சம் கலங்கலாக இருந்தால் பரவாயில்லை.

புரத அளவை பிசிஏ முறையால் எடுங்கள். பிராட்போட் முறை இந்தச் சவர்க்காரப் பொருட்களோடு ஒத்துப்போகாது. 12 சதவீத ஜெல்லில் மூளைக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம், மற்ற இழையங்களுக்கு 50 முதல் 100 வரை ஏற்றுங்கள். மூளையையும் ஈரலையும் அடுத்தடுத்த பள்ளங்களில் விடாதீர்கள். மூளை வழிந்து பக்கத்துப் பள்ளத்தில் பொய்ப் பட்டை தரும். இடையில் வெறும் பள்ளம் ஒன்று விடுங்கள்.

மறைப்புக்கு, அதாவது பிறபொருளெதிரி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்க, ஆடை நீக்கிய பால்மா 5 சதவீதம் என்று எல்லாச் செய்முறையிலும் இருக்கும். யோசித்துப் பாருங்கள்: பால்மா என்பது மாட்டின் மடியிலிருந்து வந்தது. அதில் மாட்டுப் பிறபொருளெதிரிகளும் உண்டு, நாம் தேடும் புரதத்தின் சுவடும் உண்டு. மூளைக்கு அது இடைஞ்சல் இல்லை. மடிக்கும் பாலுக்கும் மீன் ஜெலற்றினால் மறைப்பதே நல்லது.

சரியாக வந்தால் ஏறத்தாழ 25 முதல் 37 கிலோடால்டன் (புரதத்தின் திணிவைச் சொல்லும் அலகு) வரை மூன்று பட்டைகள், மேற்பட்டை தடிப்பாக. இழையத்துக்கு இழையம் மூன்றின் விகிதம் மாறும். வெல்லச் சங்கிலி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. ஐயம் வந்தால் பிஎன்ஜிஏஸ் எஃப் நொதியத்தால் வெல்லத்தைக் கழற்றுங்கள். மூன்றும் ஒன்றாகி 27 கிலோடால்டன் அளவில் நிற்க வேண்டும். வெட்டுப்பட்ட துண்டு 18ஐ ஒட்டித் தனியே தெரியும். நொதியம் இட்டும் 25இல் அசையாமல் நிற்கும் பட்டை பெரும்பாலும் மாட்டுப் பிறபொருளெதிரியின் இலேசான சங்கிலி. நிணநீர்க்கணுவிலும் மடியிலும் இந்த ஏமாற்று அடிக்கடி வரும்.

இனி அடக்கி இல்லாத மூளி அரைப்பு: புரோட்டினேஸ் கே மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம், 37 பாகை, ஒரு மணித்தியாலம். பட்டை முழுவதும் மறைய வேண்டும். இதுவும், பிறபொருளெதிரியை மாட்டுப் பிரியோன் புரதத்தோடு முன்பே கலந்து நிறைவித்து இட்டபோது சாயம் மறைவதும், முதலாம் பிறபொருளெதிரி இடாத வழுக்கியும் சேர்ந்தால், புரதமற்ற விலங்கு இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்யலாம்.

பால்

பாலிலும் இது இருக்கிறது. 2006இல் வெளியான சுவிற்சர்லாந்து ஆய்வொன்று பசு, செம்மறி, ஆடு, மனிதர் ஆகியோரின் பாலில் இயல்புப் புரதத்தைக் காட்டியது. செம்மறிப் பாலில் லீற்றருக்கு மைக்ரோகிராம் அளவிலும், தாய்ப்பாலில் நனோகிராம் அளவிலும் இருந்தது. பாச்சர் முறைப்படி சூடாக்கிக் கடைக்கு வந்த பாலிலும் அது இருந்தது. மீயுயர் வெப்பத்தில் பதப்படுத்தினால் குறைந்ததே தவிர முற்றாக அழியவில்லை. இது இயல்புப் புரதம், நோயல்ல. பாலைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு வசனத்தைச் சேர்க்காமல் விட்டால் அடுத்த நாள் வட்ஸ்அப்பில் என்ன சுற்றும் என்று சொல்லத் தேவையில்லை.

பாலை நேரடியாக ஜெல்லில் ஏற்றிப் பயனில்லை. கேசீன்கள் ஓடுவதும் அதே 25 முதல் 35 கிலோடால்டன் பகுதியில்தான். அளவிலோ இலட்சக்கணக்கான மடங்கு கூட. அந்த வெள்ளத்தில் நமது பட்டை மூழ்கிவிடும். பிறபொருளெதிரி பூசிய மணிகளால் முதலில் பிடித்துச் செறிவாக்க வேண்டும். வீக்க நோய் உள்ள மடியின் பாலை விலக்குங்கள். அதில் வெண்குழியங்கள் நிறைந்திருப்பதால், மேலணிக் கலத்திலிருந்து வந்தது எது, குழியத்திலிருந்து வந்தது எது என்று பிரிக்க முடியாது.

எம்ஆர்என்ஏ (பரம்பரையலகிலிருந்து புரதத்துக்கான செய்தியைக் கொண்டுசெல்லும் ஆர்என்ஏ) பார்ப்பவருக்கு

புரதத்தின் குறியீடு முழுவதும் ஒரே எக்சோனில் (எம்ஆர்என்ஏயில் மிஞ்சும் பரம்பரையலகுத் துண்டில்) இருக்கிறது. பெருக்கலைத் தொடக்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான முதலிகள் இரண்டையும் அதற்குள் வைத்தால் மாசாக வந்த டிஎன்ஏயும் அதே நீளத்தில் பெருகும். ஒரு முதலி எக்சோன் எல்லையைத் தாண்ட வேண்டும். எம்ஆர்என்ஏ அளவும் புரத அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எழுதும்போது

ஈரலில் பட்டை வராவிட்டால் "ஈரலில் இல்லை" என்று எழுதாதீர்கள். எத்தனை மைக்ரோகிராம் ஏற்றியும் வரவில்லை, அதே ஜெல்லில் மூளியை எவ்வளவு ஐதாக்கியும் வந்தது என்று எழுதுங்கள். மூளி அரைப்பை 10, 100, 1000 மடங்கு ஐதாக்கி ஒவ்வொரு ஜெல்லிலும் ஓட்டினால் அந்த எல்லை தானே தெரியும். வழுக்கிக்குப் புள்ளியிடுகிறவருக்கு அது எந்த விலங்கு, எந்தத் தொகுதி என்று தெரியக் கூடாது.

மிச்சம்

இலங்கை மாடுகளில் விசர் மாட்டு நோய் பதிவானதில்லை. ஆனாலும் மூளை, முண்ணாண், கண், உள்நாக்குச் சுரப்பி, சுருட்குடல் ஆகியவற்றின் மிச்சத்தைத் தனியாகக் கையாளும் பழக்கத்தை முதல் நாளே பிடியுங்கள். போமலின் பிரியோனை அழிக்காது. சாதாரண அவித்தலும் நம்பத்தக்கதல்ல. மேசைக்கும் கருவிக்கும் 20,000 பிபிஎம் குளோரீன் உள்ள கரைசல், அல்லது 2 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டு, ஒரு மணித்தியாலம். குளோரீன் உருக்கை அரிக்கும், ஐதரொட்சைட்டு அலுமினியத்தைத் தின்னும். எந்தக் கருவிக்கு எது என்று முன்பே பிரித்து வையுங்கள். குளோரீன் கரைசலை அன்றன்று கலக்க வேண்டும். போமலின் சிந்திய மேசையிலோ அமிலம் சிந்திய மேசையிலோ அதை ஊற்றக் கூடாது. எழும் வாயு ஆபத்தானது. முதலில் நிறையத் தண்ணீரால் துடையுங்கள்.

மெழுகுக் கட்டிகளை வெட்டிய முகத்தில் மீண்டும் மெழுகு பூசி, 4 பாகைக் குளிர்ப்பெட்டியில் உலர்த்தியோடு வைத்தால் அடுத்த தொகுதிக்கும் பயன்படும். வெட்டி வைத்த வழுக்கிகளுக்கு அந்த ஆயுள் இல்லை. வாரக்கணக்கில் வெளியே கிடந்தால் சாயம் மங்கும். அதனால் சாயமிடும் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்கள்.